தன் கம்பனியில் தானே களவெடுக்கலாமா?

சம்மதத்தோட கொடுத்ததை எடுத்தால் அது களவில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 1883ஆம் ஆண்டின் எங்கள் தண்டனைச் சட்டக் கோவையும், பொருளை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல் நேர்மையீனமாக எடுப்பதைத்தான் களவு என்கிறது. சரி, பொருளுக்குச் சொந்தக்காரர் ஒரு கம்பனி என்றால்? கம்பனிக்கு வாயில்லை. அதற்காகத் தலையாட்டுகிறவர் பணிப்பாளர். அவரே காசையும் எடுத்தால்?

கதை இலண்டனில் சப்பாத்து வியாபாரம் செய்த ஆரன் சாலமனிடம் தொடங்குகிறது. 1892இல் அவர் தன் வியாபாரத்தைக் கம்பனியாக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. மிச்சம் ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும். கம்பனி நொடித்துப்போனதும், "கம்பனியும் சாலமனும் ஒண்டுதானே, கடனை அவர் கட்டட்டும்" என்று வாதிட்டார்கள். 1896இல் பிரபுக்கள் சபை மறுத்தது: கம்பனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள்.

இந்தச் சுவர் முதலாளியைக் காப்பாற்றியது. ஆனால் சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. மக்கௌரா என்பவர் தன் மரங்களைத் தன் கம்பனிக்கு விற்றுவிட்டு, காப்புறுதியைத் தன் பெயரிலேயே வைத்திருந்தார். மரங்கள் எரிந்தன. 1925இல் தீர்ப்பு வந்தது: மரம் கம்பனியுடையது, உங்களுக்குக் காசில்லை.

குற்றவியல் சட்டத்துக்கு இந்தச் சிக்கல் பிறகுதான் பெரிதாக வந்தது. இங்கிலாந்தில் இரண்டு பேர், தங்களுக்கே முழுக்கச் சொந்தமான கம்பனிகளின் காசைச் சொந்தத் தேவைக்கு எடுத்ததாக வழக்கு. அவர்களின் வாதம் கெட்டித்தனமானது: கம்பனியின் மூளையே நாங்கள்தான், நாங்கள் சம்மதித்தால் கம்பனி சம்மதித்ததுதானே? விசாரணையில் விடுதலையானார்கள். ஆனால் சட்டக் கேள்வி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1983இல் அது சொன்னது: பணிப்பாளரின் எண்ணத்தைக் கம்பனியின் எண்ணமாகக் கொள்ளும் விதி, கம்பனி மற்றவர்களுக்குச் செய்த பிழைக்கானது. கம்பனியே பாதிக்கப்பட்டிருக்கும்போது, களவெடுத்தவரின் மனதைக் களவு கொடுத்தவரின் மனதாக எடுக்க முடியாது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ரொஃபெல் வழக்கு. கணவனும் மனைவியும் மட்டுமே பங்குதாரர்கள். தீவிபத்துக்குப் பிறகு கம்பனிக்கு வந்த காப்புறுதிப் பணத்தைக் கணவன் காசோலை எழுதி எடுத்துக்கொண்டார். கம்பனி சம்மதித்தது என்று சொல்லிப் பெரும்பான்மை நீதிபதிகள் தண்டனையை ரத்துச் செய்தார்கள். 2003இல் மக்லியொட் வழக்கில் அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றம் மற்றப் பக்கம் நின்றது: குற்றத்தை நிறைவேற்றத் தன்னலத்துக்காகக் கொடுக்கும் 'சம்மதம்' கம்பனியின் சம்மதம் ஆகாது.

இதற்காக, முதலாளி எடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் களவு என்றில்லை. சம்பளம் எடுக்கலாம், இலாபப் பங்கு எடுக்கலாம். நேர்மையீனம் நிரூபிக்கப்பட வேண்டும்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி இங்கே ஒருவரே தனியாகக் கம்பனி தொடங்கலாம். "என்ர கம்பனி, என்ர காசு" என்பது வாயில் சுலபமாக வரும். ஆனால் கம்பனி வெறுமையானால் நட்டப்படுவது முதலாளி மட்டுமல்ல. சம்பளம் வராத தொழிலாளியும் கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரரும்தான். கடன்காரர் வரும்போது கம்பனி வேறு ஆள், காசு எடுக்கும்போது நானே கம்பனி என்று இரண்டு பக்கமும் நிற்க முடியாது. சாலமனுக்குக் கிடைத்த சுவரின் விலை அதுதான்.