பிராங்க் மினிஸ் ஜான்சன்

பிராங்க் மினிஸ் ஜான்சன் (30 அக்டோபர் 1918 – 23 ஜூலை 1999) அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பணியாற்றிய நீதிபதி. 1955 முதல் 1979 வரை மான்ட்கமரி நகரின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குகளை விசாரித்தார். பேருந்து, பள்ளி, வாக்குரிமை, சிறை என அம்மாநில வாழ்வின் பல துறைகளை இவருடைய தீர்ப்புகள் மாற்றியமைத்தன.

இளமை

உள்நாட்டுப் போரின்போது அலபாமா அமெரிக்காவிலிருந்து பிரிந்து போவதை எதிர்த்த வின்ஸ்டன் கவுண்டியில் வளர்ந்தார். 1943இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். பின்னாளில் ஆளுநராகி இவரைக் கடுமையாக ஏசிய ஜார்ஜ் வாலஸ் அங்கே உடன் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் காயமடைந்த ஜான்சன், ஊர் திரும்பி ஜாஸ்பரில் வழக்கறிஞர் தொழில் செய்தார். 1953இல் கூட்டாட்சி அரசு வழக்கறிஞரானார். இரண்டே ஆண்டுகளில் அதிபர் ஐசனோவர் இவரை நீதிபதியாக்கினார். பதவியேற்றபோது இவருக்கு வயது 37.

முக்கிய வழக்குகள்

இவர் பதவியேற்ற சில வாரங்களில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அதை எதிர்த்து மான்ட்கமரியின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்தனர். இது தொடர்பான வழக்கை 1956இல் மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்சும் பெரும்பான்மையாக நின்று, பேருந்தில் இனவாரியாக இருக்கை பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றனர். உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கறுப்பின வாக்காளர்களை வெளியே தள்ளும்படி டஸ்கேகி நகர எல்லை மாற்றப்பட்டதை எதிர்த்த வழக்கை ஜான்சன் முதலில் தள்ளுபடி செய்தார். 1960இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. வழக்கு திரும்பி வந்ததும் அந்த எல்லைச் சட்டம் செல்லாது என இவரே தீர்ப்பளித்தார்.

1965 மார்ச்சில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை கோரிச் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு நடைப்பயணம் செல்ல அனுமதித்தார். எதிர்க்கப்படும் அநீதி எவ்வளவு பெரிதோ, அதற்கேற்றதாகப் போராடும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. ஆனாலும் சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என வரம்பும் விதித்தார். அப்பயணத்துக்கு உதவிய வயோலா லியூசோ சுட்டுக் கொல்லப்பட்டது தொடர்பாக, குடியுரிமைகளை மீறச் சதி செய்த குற்றச்சாட்டில், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்கள் மூவர் அதே ஆண்டு டிசம்பரில் இவர் முன் விசாரிக்கப்பட்டனர். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஆளுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார்.

கட்டாயமாக மனநல மருத்துவமனையில் அடைக்கப்படுவோருக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என 1971இல் தீர்ப்பளித்தார். 1976இல் அலபாமா சிறைகளின் அவலநிலை அரசியலமைப்பை மீறுவதாகக் கூறிச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தார்.

கொடுத்த விலை

தீர்ப்பளித்த ஊரிலேயே வாழ்ந்ததால் அண்டை அயலாரின் வெறுப்பையும் தாங்கினார். வீட்டு முற்றத்தில் சிலுவை எரிக்கப்பட்டது. 1967இல் இவருடைய தாயின் வீட்டில் குண்டு வெடித்தது. தாய் காயமின்றித் தப்பினார். பல ஆண்டுகள் காவலுடனேயே வாழ நேர்ந்தபோதும் ஜான்சன் ஊரை விட்டுப் போகவில்லை.

பிற்காலம்

1977இல் அதிபர் கார்ட்டர் இவரை எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவிக்கு முன்மொழிந்தார். ஆனால் உடல்நலக் குறைவால் ஜான்சன் விலகினார். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1995இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். மான்ட்கமரி நீதிமன்றக் கட்டடம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணித்த ‘சுதந்திரப் பயணிகள்’ 1961இல் தாக்கப்பட்ட பேருந்து நிலையம் அதை ஒட்டியே உள்ளது. இன்று அது அருங்காட்சியகம்.