பிடியரிசியில் விளைந்த நன்றி

சுங்கை பெசார் வட்டாரத்தில் நெல்வயலும் தென்னந்தோப்பும் செம்பனையும் அடுத்தடுத்து நிற்பதை நாம் அறிவோம். தெற்கே, கோலசிலாங்கூர்ப் பகுதியில், 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவாயிற்று. அதன் பெயர் 'தென்னமரம்'. தோட்டத்தைத் திறந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பெயரோ தமிழ். அங்கு வியர்வை சிந்தியவர்களின் மொழியை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தத்தம் சமயங்களையும் உடன் கொண்டுவந்தனர். பொங்கலிட்டுக் கதிரவனை வணங்கினோரும் உண்டு. ஞாயிறன்று கூடி ஸ்தோத்திரம் சொன்னோரும் உண்டு. திருக்குறளிலோ செய்ந்நன்றி அறிதலுக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. ஆயினும் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நாட்கூலி வாங்கிப் பிழைப்பவன் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? நன்றி என்பது வாய்மூடி அடங்கிப் போவதற்கு மற்றொரு பெயரா?

இதற்கு விடையாக ஒரு தமிழரின் வரலாறு இருக்கிறது. 1874ஆம் ஆண்டு, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அயல்நாட்டு மிஷனரிகளிடமிருந்து பள்ளியும் மருத்துவமும் வேதமும் பெற்ற சமுதாயம், பெற்றுக்கொண்டே இருந்தால் போதுமா என்று அவர் எண்ணினார். பெற்றவர் கொடுப்பவராக மாறுவதே உண்மையான நன்றி என்று கண்டார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிருவாகமும் நம்முடையது என்பதே அதன் கொள்கை. மறு ஆண்டே தெலுங்கு நாட்டிற்கு ஊழியர் அனுப்பப்பட்டார். 1909இல் அசரியாவும் தோர்ணக்கல்லுக்குச் சென்றார்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே பேசிய அசரியா, மிஷனரிகளின் தியாகத்தை மனமார வாழ்த்தினார். அதே மூச்சில், உங்களிடம் நாங்கள் வேண்டுவது நட்பு, சமமான நட்பு என்றும் துணிந்து கேட்டார். சபையில் பலருக்கு அது கசந்தது. ஆனால் நன்றியும் தன்மானமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதை அன்று அவர் காட்டினார்.

1912இல் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அவருடைய சபை மக்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், ஒடுக்கப்பட்டோர். பணம் கொடுக்க வழியில்லை. ஆனாலும் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தார்கள். சேர்ந்த அரிசியை ஆலயத்தில் படைத்தார்கள். இவ்வழக்கம் திருநெல்வேலிச் சபைகளிலும் உண்டு. மிசோரம் மலைநாட்டிலும் 1910இல் தொடங்கியது. எதுவுமில்லாதவர் என்று ஊரார் ஒதுக்கிய குடும்பம், கொடுக்கும் குடும்பமாக நிமிர்ந்தது. 1939இல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அசரியா 1945ஆம் ஆண்டு, புத்தாண்டு நாளன்று காலமானார்.

இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளுள் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. அவனும் தாழ்வாக எண்ணப்பட்ட சமாரியன். அவன் திரும்பி வந்ததை யாரும் கட்டளையிடவில்லை. மனமுவந்து வந்தான்.

ஆகவே, நேயர்களே, இறைவனுக்கு நன்றி சொல்பவர் நியாயமான கூலியைக் கேட்கலாகாது என்பதில்லை. கூலி நம் உரிமை. நன்றி நம் உள்ளத்தின் செல்வம். இன்றிரவு சோற்றுப் பானையின்முன் அமரும்போது, விளைவித்த கையையும் சமைத்த கையையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவோம். அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்ப்போம். எரியாவிட்டால், நம் பானையிலிருந்து ஒரு பிடி அங்கே போகட்டும்.