பெருந்தமனி சற்று விரிந்தவர்கள் வெளிநாடு போகலாமா? காப்புறுதி வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை

பாகான் செராய் - 2024 செப்டம்பர் 30ஆம் தேதி நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் ‘பெருந்தமனி’ என்ற சொல்லை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டோம். இருதயத்திலிருந்து புறப்படும் முதன்மை இரத்தக்குழாயில் வீக்கம் இருந்தது, அறுவை சிகிச்சை இல்லாமல் குழாய்வழியாக ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தோம் என்று மருத்துவமனை அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 73. சில நாள்களிலேயே வீடு திரும்பினார்.

அடுத்த ஆண்டு அதே சொல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. இங்குள்ள ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. இரத்த அழுத்தத்திற்காக அரசாங்கக் கிளினிக்குக்குப் போனவரை எக்கோ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெருந்தமனி 4.2 செ.மீ., இலேசான விரிவு, அடுத்த ஆண்டு மீண்டும் பார்க்கலாம் என்றார் மருத்துவர். பெரியம்மாவுடன் பழனிக்குப் போக அவர் ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தார். பயணக் காப்புறுதிப் பாரத்தை நான் எடுத்ததும், “இதையெல்லாம் எழுதுனா குடுக்க மாட்டானுங்கம்மா, பேசாம விட்டுடு” என்றார்.

அவர் மட்டும் இல்லை, பல வீடுகளில் இதே பேச்சுதான். முதலில் நோயைப் பார்ப்போம்.

பெரியவர்களுக்கு, இருதயத்தை விட்டு மேலே ஏறும் பகுதியில் பெருந்தமனியின் விட்டம் பொதுவாக 4 செ.மீ.க்குள் இருக்கும். ஆள் உயரம், உடல்வாகு, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இது சற்று மாறும். 4 செ.மீ.க்கு மேல் 4.5 செ.மீ. வரை இலேசான விரிவு எனலாம். அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு பெரும்பாலும் 5.5 செ.மீ. அளவில்தான் வரும். மார்ஃபான் போன்ற மரபுவழிக் கோளாறு உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது தமனி கிழிந்திருந்தாலும், விரிவு வேகமாக வளர்ந்தாலும் அதற்கு முன்பே முடிவெடுப்பார்கள். இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடுவது அளவெடுப்பில் வரும் வித்தியாசமாகவும் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

இலேசான விரிவு உள்ளவருக்கு வலியோ மூச்சுத் திணறலோ இருப்பதில்லை. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கக் கூடாது. நடக்கலாம். விமானத்தில் போகவும் பொதுவாகத் தடையில்லை, ஆனால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பழனியின் 693 படிகள் பெரியப்பாவுக்குப் பெரிய கவலை. விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன என்று சொன்னேன், “அது வேண்டுதல் ஆகாது” என்றார்! தைப்பூசத்தில் கனமான காவடி எடுப்பவர்களும் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பயணத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடும் பழக்கம் உண்டு. அந்த வகை ஆன்டிபயாட்டிக்குகள் பெருந்தமனி கிழிவதற்கான அபாயத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. தமனி விரிந்தவர்கள், வேறு மருந்தே இல்லை என்றாலொழிய, அதைத் தவிர்க்க வேண்டும். எந்த மருந்து வாங்கினாலும் முதலில் உங்கள் நிலையைச் சொல்லுங்கள்.

இனி காப்புறுதி. நம் நாட்டில் விற்கும் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் உடல்நலக் கேள்வியே கேட்பதில்லை. இணையத்தில் பெயர், கடப்பிதழ் எண், தேதி போட்டால் போதும், கட்டணம் கட்டிவிடலாம். கேட்கவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இழப்பீடு இல்லை என்று ஒப்பந்தத்தின் உள்ளே எழுதியிருப்பார்கள். எது ‘ஏற்கெனவே இருக்கும் நோய்’ என்ற விளக்கமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எக்கோ அறிக்கையில் பதிவான 4.2 செ.மீ. அதில் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். மாத்திரை சாப்பிடாவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும் இப்படித்தான்.

கேள்வி கேட்டிருந்தால் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தகுந்த கவனத்தோடு உண்மையான பதில் தரும் கடமை வாங்குபவருக்கு உண்டு. தெரிந்தே மறைத்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்போது கால் முறிந்ததற்கும் பணம் வராது.

எனவே பெரியப்பாவுக்காக நான் செய்தது இதுதான். எக்கோ அறிக்கையோடு மூன்று நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த நிலைக்குப் பாதுகாப்பு உண்டா, கூடுதல் கட்டணம் கட்டினால் கிடைக்குமா, இதனால் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் பணம் வருமா என்று கேட்டேன். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். இரண்டு நிறுவனங்கள் தமனி தொடர்பான செலவு கிடையாது என்றன. மூன்றாவதிலிருந்து பதிலே வரவில்லை. இருந்தாலும் ஒரு திட்டத்தை வாங்கினோம். டெங்கி, விபத்து, பெட்டி தொலைவது, விமானத் தாமதம் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இருந்தது. தமனிக்கான அவசரச் செலவுக்கு அண்ணன் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்தார். 70 வயதைத் தாண்டியவர்கள், வயது வரம்பையும் குறைக்கப்பட்ட இழப்பீட்டுத் தொகையையும் பார்க்க வேண்டும். கடன் அட்டையோடு இலவசமாக வரும் காப்புறுதி பெரும்பாலும் விபத்துக்கு மட்டுமே.

அறிக்கையின் நகலையும் மருத்துவர் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். மாத்திரையைக் கூடுதலாகச் சில நாள்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பது போன்ற கடும் வலி வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. இங்கே 999, இந்தியாவில் 112. மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் பெருந்தமனி விரிவு இருப்பதைச் சொல்லுங்கள், மாரடைப்பு என்று நினைத்துத் தரும் இரத்தம் உறையாமைக்கான மருந்து இதில் ஆபத்தாகலாம். கூட இருப்பவர் உடனே காப்புறுதியின் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இழப்பீடு மறுக்கப்பட்டு, காரணம் சரியில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் வழி கேட்கலாம்.