புயலில் சிக்கிய கப்பலும் பயணிகளும்



நடுக்கடலில் புயல் வீசுகிறது, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, விளக்குகள் அணைகின்றன. அந்நேரத்தில் அக்கப்பலில் உள்ள பயணிகள் எவ்வாறு நடந்துகொள்வார்கள்? இக்கேள்வியைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது திரைப்படங்களில் பார்த்த காட்சிதான். அலறிக்கொண்டு ஓடுவார்கள், ஒருவரையொருவர் மிதித்துத் தள்ளிவிட்டுப் படகில் தாவுவார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால், உண்மையில் நடந்த கப்பல் விபத்துகளைப் பற்றிய விசாரணைக் குறிப்புகளையும் உயிர் தப்பியவர்களின் சொற்களையும் புரட்டிப் பார்த்தால் நாம் காண்பது பெரும்பாலும் வேறு. பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது வந்து ஏதாவது சொல்லட்டும் என்று வாயிலையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இந்தப் பொறுமை அவர்களைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பதே இன்று நாம் ஆராயப்போகும் செய்தி.

இதற்காகத் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குச் செல்வோம். அங்குள்ள டர்பன் துறைமுகம் நம்மவர்களுக்குப் புதிய பெயரன்று. 1860ஆம் ஆண்டில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாகக் கொண்டுபோய் இறக்கியது அத்துறைமுகத்தில்தான். டர்பனுக்குத் தென்மேற்கே ஈஸ்ட் லண்டன் என்று மற்றொரு துறைமுகம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரையின் பெரும்பகுதியை 'வைல்ட் கோஸ்ட்', அதாவது முரட்டுக் கரை என்று அழைக்கிறார்கள். பெயருக்கேற்ற கரைதான் அது.

அங்கே கடல் ஏன் அவ்வளவு முரடாக இருக்கிறது? அகுலாஸ் என்னும் வலிமை வாய்ந்த நீரோட்டம் அக்கரையை ஒட்டித் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் அந்நாட்டில் குளிர்காலம். அக்காலத்தில் தெற்குப் பெருங்கடலில் எழும் புயல்கள் தென்மேற்கிலிருந்து பேரலைகளை அனுப்புகின்றன. ஓட்டம் ஒரு திசையில் போக, அலை அதற்கு நேர் எதிர்த் திசையில் வருகிறது. மழைக்காலத்தில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெளியே பாயும் வெள்ளத்தில் மோதும் கடலலை சட்டென்று குறுகி, செங்குத்தாக எழும்பி நிற்கும். அதுவேதான் அங்கும் நடக்கிறது, பன்மடங்கு பெரிதாக. அலைக்கு முன்னால் தோன்றும் பள்ளத்தைக் 'கடலில் விழுந்த குழி' என்று மாலுமிகள் சொல்வார்கள். கப்பலின் முகப்பு அக்குழியில் இறங்கும்போது அடுத்த அலை மேலிருந்து விழுகிறது.

இக்கரையில் 1909ஆம் ஆண்டில் ஒரு கப்பல் காணாமற்போயிற்று. அதன் பெயர் 'வராட்டா'. 1908இல் கட்டப்பட்ட புதுக் கப்பல் அது. இரண்டாம் பயணத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் டர்பனில் நின்றது. அங்கே கிளாட் சாயர் என்னும் பயணி, தாம் செல்லவேண்டிய ஊர் இன்னும் வராதபோதே, இறங்கிவிட்டார். அவர் ஒரு பொறியாளர்; பல கப்பல்களில் பயணம் செய்து பழகியவர். வராட்டா ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே நிமிர்வதில்லை, சாய்ந்தபடியே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் எழுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். மேற்பாரம் மிகுந்த கப்பல் என்று அவருக்குப் பட்டது. கையில் வாளும் இரத்தக் கறை படிந்த துணியும் ஏந்திய ஒருவர் மும்முறை கனவில் தோன்றியதாகவும் பின்னர் விசாரணையில் கூறினார். இக்கனவுக்காகவே அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது. நமக்கோ, கனவைவிட அந்தச் சாய்வைக் கவனித்த கண்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

மற்றவர்கள் இறங்கவில்லை. இறங்குவதற்கு அவர்களுக்குக் காரணமும் இல்லை. புதுக் கப்பல், அனுபவம் மிக்க தலைவர், பணியாளர்கள் அமைதியாகத் தத்தம் வேலையைப் பார்க்கிறார்கள். ஒரு பயணி அஞ்சினால், சுற்றியுள்ளவர்கள் புன்னகை செய்வதுதான் உலக வழக்கம். ஜூலை 26ஆம் நாள் வராட்டா டர்பனை விட்டுப் புறப்பட்டது. மறுநாள் காலையில் 'கிளான் மெக்கின்டயர்' என்னும் சரக்குக் கப்பலோடு சைகை விளக்கால் செய்தி பரிமாறிக்கொண்டது. அதற்கடுத்த நாள் கடும்புயல். வராட்டாவில் கம்பியில்லாத் தந்திக் கருவி இல்லை. அதிலிருந்த 211 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு மரத்துண்டுகூட ஐயமின்றி அடையாளம் காணப்படவில்லை. அந்த 211 பேரும் கடைசி மணி நேரத்தில் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்ல எவருமில்லை.

ஆனால், 82 ஆண்டுகளுக்குப் பின் அதே கரையில், அதே குளிர்காலத்தில் மூழ்கிய மற்றொரு கப்பலைப் பற்றிச் சொல்வதற்கு எல்லாரும் மீண்டு வந்தார்கள்.

அக்கப்பல் 'ஓஷியானோஸ்'. 1952இல் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயரில் மடகாஸ்கர் வழியில் ஓடிக்கொண்டிருந்த அதனைக் கிரேக்க நிறுவனம் ஒன்று வாங்கி உல்லாசக் கப்பலாக்கியது. 1991 ஆகஸ்டு 3ஆம் நாள் அது ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டது. கப்பலில் 570க்கும் மேற்பட்டோர் இருந்தனர். காற்று 40 கடல் மைல் வேகம். அலைகள் 9 மீட்டர் உயரம். புறப்படும்போது மேல்தளத்தில் நடக்கவேண்டிய கொண்டாட்டத்தை உள்ளே மாற்றிவிட்டார்கள். இரவு உணவின்போது பரிமாறுபவர்கள் தட்டுகளைப் பிடிக்கமுடியாமல் தடுமாறினார்கள்.

இரவு ஒன்பதரை மணி அளவில் கீழே எங்கோ மந்தமாக ஓர் ஓசை கேட்டது. கடல்நீரை உள்ளிழுக்கும் அமைப்பில் உடைப்பு ஏற்பட்டு, மின்னாக்கிகள் இருந்த அறையில் நீர் புகுந்துவிட்டது. மின்னாக்கிகளை நிறுத்தினார்கள், பொறிகளும் நின்றன. ஓட்டமிழந்த கப்பல் அலைகளுக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு மிதந்தது. இதற்குமேல் நடந்ததுதான் கொடுமை. அந்த அறையின் நீர் புகாச் சுவரில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை இருந்தது. அதன் வழியே நீர் கழிவுநீர்த் தொட்டிக்குப் போயிற்று. நீர் மேலேறாமல் தடுக்கும் அடைப்பிதழ், பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஆகவே கழிப்பறைகள் வழியாகவும் குளியலறைகள் வழியாகவும் கடல் கப்பலுக்குள் ஏறியது. புயல் இக்கப்பலைச் சோதித்தது. மூழ்கடித்தது ஒரு துளையும் ஓர் அடைப்பிதழும்தான்.

பயணிகளுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அபாய மணி அடிக்கவில்லை, அறிவிப்பும் வரவில்லை. அவர்கள் பெரிய கூடத்தில் திரண்டிருந்தார்கள். கிட்டார் வாசிப்பவரான மோஸ் ஹில்ஸ், அவர் மனைவியும் பாடகியுமான டிரேசி, மற்றக் கலைஞர்கள் ஆகியோர் பாட்டும் வேடிக்கையுமாகப் பயணிகளின் மனத்தைத் திருப்ப முயன்றார்கள். மங்கலான அவசர விளக்கில் பயணிகளும் சேர்ந்து பாடினார்கள். நேரம் செல்லச் செல்லச் சாய்வு மிகுந்தது, பாட்டு குறைந்தது. எனினும் பெரும்பாலோர் எழுந்து ஓடவில்லை. ஒன்றும் சொல்லப்படாததால் ஒன்றும் இல்லை என்றே அவர்கள் நம்பியிருக்கவேண்டும்.

சந்தேகம் முதலில் எழுந்தது கலைஞர்களுக்குத்தான். ஹில்ஸும் மந்திரவித்தைக் கலைஞர் ஜூலியன் பட்லரும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பார்த்தார்கள். நீர் புகாக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கப்பால் நீர் நிறைந்துவிட்டதை உணர்ந்தார்கள். அதிகாரிகளில் சிலர் உயிர்காப்புச் சட்டை அணிந்து, பெட்டியும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் இறங்கிய படகில் பெரும்பாலும் கப்பல் ஊழியர்களே இருந்தார்கள்.

அதன்பிறகு படகுகளை இறக்கியது யார்? பாட்டுப் பாடவந்தவர்கள்! கப்பல் புரளும்போது படகு மூன்று மீட்டர் வரை விலகிப்போகும். மீண்டும் வந்து கப்பலின் பக்கத்தில் மோதும். ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கப்பலிலும் ஊன்றி ஹில்ஸ் பயணிகளை ஏற்றினார். சாய்வு மிகுந்தபின் மறுபக்கத்துப் படகுகளைப் பயன்படுத்த முடியாமற்போயிற்று. இன்னும் நூற்றுக்கணக்கானோர் கப்பலிலேயே இருந்தார்கள்.

தலைவரைத் தேடிக்கொண்டு கலைஞர்கள் கப்பலைச் செலுத்தும் அறைக்குப் போனார்கள். அங்கே யாருமில்லை. ஹில்ஸ் வானொலிக் கருவியை எடுத்து உதவி கேட்டார். மறுமுனையிலிருந்து ஒரு கப்பல் தலைவர், இருக்குமிடம் எது என்று கேட்க, ஈஸ்ட் லண்டனுக்கும் டர்பனுக்கும் நடுவில் என்றுதான் இவருக்குச் சொல்லத் தெரிந்தது. உம்முடைய பதவி என்ன என்று அவர் கேட்க, பதவி ஒன்றுமில்லை, நான் கிட்டார் வாசிப்பவன் என்றார் இவர். பிறகு அங்கே என்ன செய்கிறீர் என்ற கேள்விக்கு, இங்கே வேறு எவருமில்லை என்பதே விடையாக இருந்தது. இச்செய்தியை முதன்முதல் படித்தபோது நாம் சிரித்தோம். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

படகுகளில் சென்றவர்களை 'நெட்லாய்டு மொரிஷியஸ்' முதலிய கப்பல்கள் ஏற்றிக்கொண்டன. விடியும் வேளையில் தென்னாப்பிரிக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்து சேர்ந்தன. கடற்படை முக்குளிப்பவர்கள் இருவர் கயிற்றில் இறங்கி, கச்சையை எவ்வாறு பூட்டுவது என்று ஹில்ஸுக்குச் சில நிமிடங்களில் கற்றுக்கொடுத்தார்கள். அவ்வளவுதான் பயிற்சி. சாய்ந்த தளத்தில், வழுக்கும் பலகைமேல், இருவர் இருவராகப் பயணிகள் மேலேற்றப்பட்டனர். பதற்றத்தில் கடலில் குதித்தவர்களும் சிலர் இருந்தனர், அவர்களும் மீட்கப்பட்டனர். ஆனால் மற்றவர்கள் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்காகத் தம் முறை வரும்வரை காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்களால் மட்டும் மீட்கப்பட்டோர் 225 பேர்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். முதல்நாள் இரவு கூடத்தில் அவர்களைச் சும்மா உட்காரவைத்ததும், மறுநாள் காலையில் தளத்தில் வரிசை குலையாமல் நிற்கவைத்ததும் ஒரே பொறுமைதான். இரவில், தண்ணீர் ஏறும்போது அந்தப் பொறுமை அவர்களை அழித்திருக்கக்கூடும். காலையிலோ, என்ன செய்யவேண்டும் என்று சொல்ல ஆள் கிடைத்தவுடன், அதே பொறுமை அவர்களைக் காத்தது. பயணிகள் மாறவில்லை, அவர்கள் முன்னால் நின்றவர்கள் மாறினார்கள்.

ஆகஸ்டு 4ஆம் நாள் பிற்பகல் மூன்றரை மணி அளவில் ஓஷியானோஸ் முகப்பு முன்னாக மூழ்கியது. ஒருவரும் இறக்கவில்லை.

கப்பல் தலைவர் என்ன ஆனார்? முதலில் வந்த ஹெலிகாப்டர்களுள் ஒன்றில் ஏறிச் சென்றுவிட்டார். கரையிலிருந்து மீட்புப் பணியை ஒழுங்குசெய்யவே போனதாகச் சொன்னார். கப்பலைக் கைவிடும்படி ஆணையிட்டபின் தாம் எந்நேரத்தில் புறப்பட்டால் என்ன, ஆணை அனைவருக்கும் பொது அல்லவா என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் வாதாடினார். கிரேக்க நாட்டு விசாரணைக் குழு அவரும் ஐந்து அதிகாரிகளும் கடமையில் தவறியவர்கள் என்று முடிவுசெய்தது.

கடைசியாக வெளியேறுவதே தலைவனுக்கு அழகு என்பது பழைய மரபு. அதே நாட்டின் தென்கரையில் 1852இல் 'பர்க்கன்ஹெட்' என்னும் படைக் கப்பல் பாறையில் மோதியபோது, பெண்களையும் குழந்தைகளையும் படகில் அனுப்பிவிட்டுச் சிப்பாய்கள் தளத்தில் அணிவகுத்து நின்றார்கள். உயிர் பிழைத்தோர் 193 பேரே. பெண்களும் குழந்தைகளும் அனைவரும் பிழைத்தார்கள். இதுவே கடலின் வழக்கம் என்று பாடப் புத்தகங்கள் புகழ்ந்தன. ஆனால் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இப்புகழ்ச்சியைச் சற்று ஆட்டிவிட்டது. 18 கப்பல் விபத்துகளில் சிக்கிய 15,000க்கும் மேற்பட்டோரின் கணக்கை அவர்கள் பார்த்தார்கள். கப்பல் தலைவர்களும் ஊழியர்களும் பயணிகளைவிட அதிகமாகப் பிழைத்திருக்கிறார்கள். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் பிழைத்திருக்கிறார்கள். பர்க்கன்ஹெட் வழக்கமன்று, விலக்கு.

அதே 2012இல் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அங்கே புயலில்லை, தலைவர் மட்டும் கப்பலில் இல்லை. அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு ஒத்திகைகூட நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்பது அதுவரை இருந்த விதி. 2015 சனவரி முதல், கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்டவுடனோ நடத்தியாகவேண்டும் என்று அது மாற்றப்பட்டது.

2019 மார்ச் 23ஆம் நாள் நார்வேக் கரையில் 'வைக்கிங் ஸ்கை' புயலில் பொறிகள் நின்று, பாறைகளை நோக்கி ஒதுங்கியது. அதிலிருந்தோர் 1,373 பேர். உயிர்காப்புச் சட்டைகளுடன் குறித்த இடங்களில் கூடியிருந்தார்கள். அலை உள்ளே புகுந்து நாற்காலிகளோடு அவர்களையும் நனைத்தது. 479 பேரை ஹெலிகாப்டர்கள் தூக்கிச் சென்றன. பொறிகள் மீண்டும் இயங்க, மறுநாள் கப்பல் துறைமுகம் சேர்ந்தது. காயமுற்றவர்கள் உண்டு, உயிரிழந்தவர் இல்லை.

ஓஷியானோஸ் இன்று காபி பே என்னும் ஊருக்கெதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 90 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மோஸ் ஹில்ஸ் கடலை விட்டு விலகவில்லை. பின்னரும் உல்லாசக் கப்பல்களிலேயே பணியாற்றினார்.