ஏற்றம் முதல் சூரியத் தகடு வரை: பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் நீர் இறைப்பின் வரலாறு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை இன்று தொழிற்பேட்டைகளாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் அறியப்படுகின்றன. ஆயினும் பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, வெள்ளவேடு வழியாகவும், ஆவடியிலிருந்து திருநின்றவூர், வேப்பம்பட்டு வழியாகவும் திருவள்ளூர் நோக்கிச் சென்றால் நெல்வயல்களையும் கீரைப் பாத்திகளையும் பூந்தோட்டங்களையும் இன்றும் காணலாம். இந்நிலங்களில் பயிர் செய்வோருக்கு மழைக்கு அடுத்த கவலை, கிணற்று நீரை மேலே கொண்டுவரும் செலவு. அச்செலவை மனித உழைப்பும் மாடுகளும் எண்ணெய் எஞ்சினும் மின்வாரியமும் மாறி மாறிச் சுமந்துள்ளன. சூரிய மின்சாரம் இவ்வரிசையில் கடைசியாக வந்தது. அது பணத்தை மிச்சப்படுத்துகிறதா என்பதைவிட யாருடைய பணத்தை மிச்சப்படுத்துகிறது என்ற கேள்வியே தமிழ்நாட்டில் முக்கியமானது. அதற்குக் காரணம், இங்கே வேளாண் மின்சாரத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

ஏரியும் ஏற்றமும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிப் பாசன நாடு. செம்பரம்பாக்கம், நேமம், அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம் என இவ்வட்டாரத்தின் ஏரிகள் பலவும் பாசனத்துக்காக உண்டாக்கப்பட்டவையே. ஏரி வற்றும் மாதங்களுக்குக் கிணறு துணை. கிணற்றிலிருந்து நீர் எடுக்க ஏற்றம் பயன்பட்டது. ஏற்ற மரத்தின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைப்பதற்காகவே ஏற்றப்பாட்டு பிறந்தது என்பர். ஆழமான கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை ஓட்டினர். இறைப்புக்கு ஆள்கூலியும் மாட்டுத் தீவனமுமே எரிபொருள் செலவு.

பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்றும் அழைப்பர். திருக்கச்சி நம்பி இவ்வூரிலிருந்து மலர் பறித்துக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுசென்றார் என்பது வைணவ மரபு. பூந்தோட்டத்துக்குக் கோடையிலும் விடாமல் நீர் வேண்டும் என்பதால், இங்கே கிணற்றுப் பாசனம் நெடுங்காலமாக இருந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கிணற்றில் எண்ணெய் எஞ்சினும் மையவிலக்குப் பம்பும் பொருத்தினால் மாட்டைவிடக் குறைந்த செலவில் நீர் இறைக்க முடியுமா என்று சென்னை மாகாணத்தில் ஆராய்ந்தார். இச்சோதனைகளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மெல்ரோசாபுரத்தில் நடந்தவையும் அடங்கும். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் என்றே சாட்டர்டன் பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய இறைப்புப் பாசனக் கணக்குகளும் அதே அளவு கவனிக்கத்தக்கவை. ஓர் ஏக்கருக்கு நீர் இறைக்க என்ன செலவாகும், எந்த அளவு கிணற்றுக்கு எஞ்சின் கட்டுப்படியாகும் என்று அவர் கேட்டார். இன்று சூரிய பம்புக்கும் அதே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன.

கம்பி வந்த காலம்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் நிலையம் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கின. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழ்கிணறுகளுக்கு மின் பம்பு முதலில் சென்றது. அங்கேயே பம்பு, மோட்டார் தயாரிக்கும் தொழிலும் வளர்ந்தது. நாடு விடுதலை பெற்றபின், குறிப்பாக 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் அமைக்கப்பட்ட பிறகு, ஊரகங்களுக்கு மின்கம்பி வேகமாகச் சென்றது.

மேற்குப் புறநகரில் இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நடந்தது. ஆவடியில் 1960களின் தொடக்கத்தில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. மின்சாரம் ஒரே வட்டாரத்தில் பட்டறைக்கும் பம்புக்கும் சென்றது. ஏரிப் பாசன நிலங்கள் மனைகளாயின, பல ஏரிகள் பாசனக் கடமையை இழந்தன. எஞ்சிய நிலங்கள் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் மேலும் நம்ப வேண்டியதாயிற்று.

பைசாவுக்காக நடந்த போராட்டம்

மின் பம்பு பரவியதும் மின்கட்டணம் அரசியல் ஆனது. 1970இல் வேளாண் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டதை எதிர்த்துக் கோவை மாவட்ட உழவர்கள் போராடினர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். 1972இல் மீண்டும் கட்டணம் உயர்ந்தபோது உழவர்கள் மாட்டுவண்டிகளைக் கோவை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினர். சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட உழவர் இயக்கம் அதன்பின் மாநிலம் முழுதும் பரவியது. இரண்டு பைசா என்பது இன்று சிறு தொகையாகத் தோன்றலாம். நாளெல்லாம் ஓடும் மோட்டாருக்கு அது கால் பங்கு விலையேற்றம்.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அளித்தது. 1990இல் மு. கருணாநிதி ஆட்சி அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. 2003இல் மீண்டும் கட்டணம் கொண்டுவரப்பட்டு, 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுக்குப் பின் கைவிடப்பட்டது. வேளாண் இணைப்புகளில் பெரும்பான்மைக்கு மீட்டர் கிடையாது. பம்பின் குதிரைத்திறனை அடிப்படையாகக் கொண்டு அரசு வாரியத்துக்கு மானியம் தருகிறது. ஆகவே ஒரு கிணறு எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பது உழவருக்கும் தெரியாது, வாரியத்துக்கும் துல்லியமாகத் தெரியாது.

மின்சாரம் இலவசமானாலும் இணைப்பு எளிதில் கிடைக்கவில்லை. 2021இல் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் இணைப்புக்குக் காத்திருந்தனர். அவ்வாண்டு ஒரு லட்சம் இணைப்புகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் வரிசையில் நின்றவர்கள் அதுவரை டீசல் எஞ்சினையே நம்பியிருந்தனர். இணைப்பு பெற்றவருக்கும் மும்முனை மின்சாரம் முறை வைத்தே வந்தது. இரவு முறை வந்தால் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து மோட்டார் போட வேண்டும். பாம்புக்கடி இதனோடு சேர்ந்த செலவு. அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

சூரிய பம்பு

இந்தியாவில் சூரிய பம்புகளுக்கான நடுவண் அரசுத் திட்டம் 1993-94இல் தொடங்கியது. ஐந்தாண்டில் 50,000 பம்புகள் என்பது இலக்கு. இருபது ஆண்டு கழிந்தும் அதில் நான்கில் ஒரு பங்குகூட எட்டப்படவில்லை. தகட்டின் விலையே தடை. 2010இல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கியது. அதன்பின் வந்த பத்தாண்டில் உலகச் சந்தையில் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. தமிழ்நாடு 2012இல் தன் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. மாநில வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் சூரிய பம்புகளை அமைத்துத் தரத் தொடங்கியது. இலவச இணைப்பு வரிசையில் தமக்குள்ள மூப்பை விட்டுக்கொடுக்க முன்வருவோருக்குக் கூடுதல் மானியம் என்ற ஏற்பாடும் ஒரு கட்டத்தில் இருந்தது. 2019இல் நடுவண் அரசின் பி.எம். குசும் திட்டம் வந்தது. அதன் பொது விதிப்படி தனித்து இயங்கும் சூரிய பம்பின் விலையில் 30 விழுக்காட்டை நடுவண் அரசும் 30 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கும். மீதி உழவருடையது.

5 குதிரைத்திறன் பம்புக்கு ஏறத்தாழ 4.8 கிலோவாட் தகடுகள் வேண்டும். அவற்றுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் இடம், அதாவது ஒன்றேகால் சென்ட் போதும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் தகடு தெற்கு நோக்கி ஏறக்குறைய அதே அளவு சாய்ந்திருக்கும். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மின்கலம் கிடையாது. வெயில் ஏறும்போது பம்பு வேகமெடுக்கும், மேகம் மூடினால் தளரும். ஆகவே காலை முதல் மாலைவரை கிடைப்பதைத் தொட்டியில் தேக்கி அல்லது சொட்டுநீர்க் குழாயில் விட்டுப் பயன்படுத்துவதே பொருத்தம். ஒரே நேரத்தில் பெருவெள்ளமாகப் பாய்ச்சிப் பழகிய நெல் உழவருக்கு இது ஒத்துவருவதில்லை. சிறிது சிறிதாக நாள்தோறும் நீர் கேட்கும் கீரைக்கும் மல்லிகைக்கும் நன்றாக ஒத்துவரும்.

மூன்று வீட்டுக் கணக்கு

செலவு குறையுமா என்பதற்கு மூன்று வகை உழவரை எடுத்துக்கொள்ளலாம். முதலாமவர் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர். 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால், நாளுக்கு 5 மணி நேரம், ஆண்டில் 120 நாள் ஓட்டுவதற்கு 54,000 ரூபாய். சூரிய பம்பின் முழு விலை 3 லட்சம், அதில் உழவர் பங்கு 40 விழுக்காடு எனில் 1,20,000 ரூபாய். இரண்டேகால் ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். மானியமே இல்லாவிட்டாலும் ஐந்தரை ஆண்டு போதும். தகட்டின் ஆயுள் 25 ஆண்டு என்று கொள்ளப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கருவியும் மோட்டாரும் அதற்குள் பழுதாகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாமவர் இலவச இணைப்பு உள்ளவர். அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பகலில் நீர் கிடைப்பதே அவர் பெறும் பலன். மிச்சம் வாரியத்துக்கும் மானியம் தரும் அரசுக்கும் போகிறது. மேலே சொன்ன அதே பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு 2,200 யூனிட் அளவில் செலவாகும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. கையிலிருந்து 1,20,000 ரூபாய் கொடுத்து அரசின் செலவைக் குறைக்க எந்த உழவரும் முன்வரமாட்டார். தமிழ்நாட்டில் சூரிய பம்பு ராஜஸ்தானைப் போல் பரவாததற்கு இதுவே முதற்காரணம் எனலாம். இணைப்புள்ள பம்புகளையும் சூரிய மின்சாரத்துக்கு மாற்றி, உபரியை வாரியத்துக்கு விற்கச் செய்யும் பிரிவு குசும் திட்டத்திலேயே உண்டு. உபரிக்குக் கிடைக்கும் விலை ஈர்த்தால் மட்டுமே அது நடக்கும்.

மூன்றாமவர் கோழி, மாடு அல்லது காளான் வளர்ப்பவர். இவருக்கு இலவச மின்சாரம் பொருந்தாது, கட்டணம் உண்டு. மின்விசிறி, பால் குளிரூட்டி, தீவனம் வெட்டும் பொறி ஆகியவை பகலில் ஓடுபவை. கொட்டகைக் கூரையில் தகடு வைத்தால் பயன் நேரடியாக அவர் பில்லில் தெரியும். புறநகரில் பால் விற்பனையை நம்பிய மாட்டுக் கொட்டகைகளுக்கு இது பம்பைவிடப் பொருத்தமானது. அரசுத் திட்டங்களின் பேச்சு மட்டும் பெரும்பாலும் பம்பையே சுற்றி நிற்கிறது.

நிலத்தடி நீரும் நிலமும்

எரிபொருள் செலவு இல்லாத பம்பை நிறுத்தக் காரணமும் இல்லை. மேற்குச் சென்னையில் இது வெறும் அச்சம் அன்று. கொசஸ்தலையாற்றுப் படுகையில் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர்ப் பகுதிகளிலிருந்து சென்னைக்கு நெடுங்காலமாக நிலத்தடி நீர் எடுக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்தது. நகரைச் சுற்றிய ஊர்களில் நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2000களின் தொடக்க வறட்சியிலும் 2019 கோடையிலும் சென்னைக் குடிநீர் வாரியம் திருவள்ளூர் மாவட்ட உழவர்களின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. நெல்லைவிட நீரே நல்ல விலை போகும் கோடைகளை இவ்வட்டாரம் பார்த்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நாளெல்லாம் செலவின்றி ஓடும் பம்பு வயலுக்கு இறைக்குமா, லாரிக்கு இறைக்குமா என்று சொல்வது கடினம். இதனால்தான் குசும் விதிகள் நீர் மிகையாக எடுக்கப்பட்ட பகுதிகளில் புதிய பாசனத்துக்குச் சூரிய பம்பு தருவதில்லை. ஏற்கெனவே உள்ள டீசல் பம்பை மாற்றலாம், அதுவும் நுண்ணீர்ப் பாசனத்தோடு மட்டுமே.

இதைவிடக் கடினமான தடை நிலவுரிமை. மானிய விண்ணப்பத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். புறநகரில் கீரையும் பூவும் பயிரிடும் பலர் குத்தகைக்காரர்கள், சிலருக்கு வாய்மொழி ஒப்பந்தம் மட்டுமே. டீசலுக்குப் பணம் கட்டுபவர் அவர், பட்டா வைத்திருப்பவர் வேறொருவர். நிலவுரிமையாளரோ நல்ல விலைக்கு மனை போடக் காத்திருப்பார். 25 ஆண்டு உழைக்கும் தகட்டை, அடுத்த ஆண்டு குத்தகை நீடிக்குமா என்று தெரியாத நிலத்தில் காங்கிரீட் போட்டு நட முடியாது. சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏற்றி நகர்த்தும் சிறு சூரிய பம்புகள் இந்தியாவின் சில பகுதிகளில் வாடகைக்கு ஓடுகின்றன. மாலையில் வீட்டுக்கு இழுத்துச் சென்றுவிடலாம் என்பதால் புயலுக்கும் திருட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. திருமழிசை, வெள்ளவேடு பக்கத்துக் குத்தகைக் கீரைத் தோட்டங்களின் ஒன்றிரண்டு குதிரைத்திறன் தேவைக்கு அந்த அளவே போதும்.