குட்டி நாய்க்கு அஜிலிட்டி பயிற்சி: குரலை விட உங்க கால் ஏன் முக்கியம்?

1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய் கண்காட்சியில் இடைவேளை நிகழ்ச்சியாக அறிமுகமானதுதான் அஜிலிட்டி. நாய் தடை தாண்டணும், டனலுக்குள் புகுந்து வெளியே வரணும், வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடணும். கூடவே ஓடுபவர் நாயைத் தொடக்கூடாது, தீனியும் காட்டக்கூடாது. உடலசைவும் குரலும் மட்டும்தான்.

சர்வதேச விதிப்படி, தோள் உயரம் 35 செ.மீ.க்குக் குறைவானால் 'ஸ்மால்' பிரிவு. அவ்வளவு சின்ன நாயின் கண்ணுக்கு நேரே தெரிவது நம்ம கால்கள்தான். வாய் 'டனல்' என்று சொல்ல, பாதம் தடைப் பக்கம் திரும்பியிருந்தால் அது பெரும்பாலும் பாதத்தைத்தான் நம்பும். அப்புறம் நாயைத் திட்டி என்ன பயன்?

அதனால் முதலில் பேசாமல், அசைவை மட்டும் பழக்குங்க. அது புரிந்ததும் சொல்லைச் சேர்க்கலாம். முதலில் சொல், அடுத்த நொடியே அசைவு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் சொல் காதில் ஏறாது. 'இடது', 'வலது' இரண்டும் ஒரே மாதிரி முடிவதால், ஒலியில் நன்றாக வேறுபடும் சொற்களே நல்லது. திரும்பச் சொல்வதையும் நாய் தாவும் முன்பே சொல்லிடணும்; காலைத் தூக்கிய பிறகு சொன்னால் லேட்.

எலும்பு வளர்ச்சி முடியாத குட்டி என்றால் தடைக் கம்பு தரையிலேயே கிடக்கட்டும்.