தோணியேறிச் சென்றோரும் தாயகம் திரும்பியோரும்

நம் ஆற்றின் பெயரே இலங்கைத் தீவுக்கும் ஒரு காலத்தில் வழங்கியது. பாளி நூல்கள் அத்தீவைத் தம்பபண்ணி என்றன. கிரேக்கர் தப்ரபேன் என்றனர். பெயர் எக்கரையிலிருந்து எக்கரைக்குச் சென்றது என்பதை அறிஞர் விவாதிக்கட்டும். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் சென்ற திசையை நாம் அறிவோம். கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவருள் திருநெல்வேலியாரும் இருந்தனர். 1850களில் அவர்களிடையே தொடங்கிய ஊழியத்திற்கு நம் சபைகளிலிருந்தே உபதேசிமார் அனுப்பப்பட்டனர். அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். உபதேசிமாரை அனுப்பியதை நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். அப்பெயர் தோட்டத்துச் சபையாரின் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று கேட்டதில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. தகப்பனாவது, பாட்டனும் முப்பாட்டனுமாவது இலங்கையில் பிறந்தவர் என மெய்ப்பிக்க வேண்டுமாம். லயத்து அறையில் பிறந்தவனிடம் முப்பாட்டனின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவது? அச்சட்டத்தை எதிர்த்தவருள் ஒருவர் செல்வநாயகம் என்னும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். தம் கட்சித் தலைவர் பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தபின் அவர் பிரிந்து சென்று, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

எதிர்த்தரப்பாரின் குறையையும் நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. மலைநாட்டுச் சிங்களக் குடியானவன், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின் தன் நிலத்தைத் தோட்டங்கள் விழுங்கக் கண்டவன். அவன் மனத்தாங்கல் பொய்யன்று. ஆயினும் நிலத்தை எடுத்தவன் தொழிலாளியல்லன்.

விவாதம் சூடேறியபோது பரவிய ஏச்சுச் சொல் 'கள்ளத்தோணி'. அனுமதியின்றி வந்திறங்கியவனைக் குறித்த அச்சொல், அம்மண்ணிலேயே பிறந்தவர் மேலும் விழுந்தது. சிங்களரும் அதை எடுத்தாண்டனர். ஆனால் சொல் நம்முடையது. 'வடக்கத்தியான்' என்று இகழ்ந்தவர்களோ தமிழரே.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். சொத்தைப் பங்கிடுவோரும் சில வேளை பிள்ளைகளைக் கேட்பதுண்டு, இங்கே அதுவுமில்லை. கப்பலில் இராமேஸ்வரம் வந்து மண்டபம் முகாமில் தங்கியோரை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவர்களுள் பலர் இம்மண்ணை அதற்கு முன் கண்டதேயில்லை. நம் ஊர்களில் அவர்கள் 'சிலோன்காரர்' ஆயினர். இந்தியக் குடிமக்களான பின்னும் 'அகதி' என்று அழைக்கப்பட்டவர் உண்டு.

1983க்குப் பின் வந்த அகதிகளிலும் மலையகத்தார் உளர். தாமிரபரணிக் கரையோரம் கோபாலசமுத்திரத்திலும் ஒரு முகாம் அமைந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடியுரிமை அதனால் கிடைத்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தோர்க்கு இடமில்லை. எனினும் பெயர்மாற்றத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. கூலி மிஷன் தொடங்கி நூற்றாண்டுக்கும் மேலாகச் சூட்டப்பட்ட பெயர்களுள், சூட்டப்படுவோரின் மனத்தை எண்ணிச் சூட்டியது இதைப்போல் வேறொன்றை நாம் காணோம்.

நம் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் திருமண ஓலைகளிலும் இக்குடும்பங்களின் சொந்த ஊர் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பது ஆராயத்தக்கது. எழுதியவர்கள் நம் ஆயர்களே.